சேலத்து ஆலோசனை மையம் ஒன்றில் ‘ஆழ்மன மதுச் சோதனை’

சேலத்தில் ஏற்காடு செல்லும் சாலையை ஒட்டிய குறுக்குத் தெரு ஒன்றில், ஒரு வீட்டின் மாடியில் இயங்கும் மனநல ஆலோசனை மையத்துக்குக் கடந்த ஆவணியிலும் புரட்டாசியிலுமாக ஆறு முறை சென்று வந்தேன். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்காக அவர்கள் நடத்தும் ‘ஆழ்மன மனப்பான்மைச் சோதனை’ என்ற கணினிச் சோதனையும், அதன் தொடர்ச்சியாக அளிக்கும் பயிற்சியுமே இந்த மதிப்புரையின் பொருள். குறைகளையும் எழுதப்போவதால் மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் சில மண்டிக் கடைகளுக்கும் இரண்டு கொலுசுப் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். வயது நாற்பத்தாறு. சனிக்கிழமை இரவு குடிக்கும் வழக்கம் உள்ளவன்; சனிக்கிழமை மட்டும்தான் என்று நானே நம்பிக்கொண்டிருந்தவன்.

மையத்தின் துண்டறிக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் மனைவி. ‘நீங்கள் சொல்லாததை உங்கள் விரல் சொல்லும்’ என்று அதில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பொய் கண்டுபிடிக்கும் கருவி போலிருக்கிறதே என்று எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. அது அப்படிப்பட்ட கருவி இல்லை என்பதையும், துண்டறிக்கை சொல்லும் அளவுக்கு விரல் பேசுவதில்லை என்பதையும் பின்னால் தெரிந்துகொண்டேன்.

சோதனையின் அடிப்படை எளிதானது. மனத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இரண்டு கருத்துகளுக்கு ஒரே விசையைத் தந்தால் கை விரைவாக அழுத்தும். ஒட்டாத இரண்டுக்கு ஒரே விசையைத் தந்தால் கை தடுமாறும். இந்த நேர வேறுபாட்டை அளக்கும் முறையை ஆந்தனி கிரீன்வால்ட், டெபி மெக்கீ, ஜோர்டன் சுவார்ட்ஸ் ஆகிய மூவரும் 1998இல் வெளியிட்டார்கள். இதை உலகெங்கும் பரப்பியவர்களில் ஒருவரான மஹ்சரின் பானாஜி செகந்திராபாத்தில் பிறந்தவர். நிறம், பால், வயது பற்றிய மனச்சாய்வுகளை அளக்கப் பயன்பட்ட இந்த முறையை மதுவின் பக்கம் திருப்பியவர்களில் நெதர்லாந்தைச் சேர்ந்த ரைனவுட் வீர்ஸ் முக்கியமானவர். குடிப்பவரிடம் நேரே கேட்டால் அவர் கூசியோ மழுப்பியோ விடை சொல்வார், அப்படி மழுப்ப நேரம் கொடுக்காமல் கேட்டால் என்ன வெளிப்படும் என்பதே இந்த ஆராய்ச்சிகளின் கேள்வி.

மையத்தில் சோதனை நடக்கும் அறையில் ஒரு மேசை, ஒரு பழைய கணினி, சுவரில் சத்தமிடும் மின்விசிறி. திரையின் இடப்பக்க மூலையில் ‘மது’ என்றும் வலப்பக்க மூலையில் ‘தண்ணீர்’ என்றும் தலைப்புகள் தெரிகின்றன. நடுவில் ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் வருகின்றன. பீர்க் குவளை வந்தால் இடப்பக்க விசை, தண்ணீர்ச் செம்பு வந்தால் வலப்பக்க விசை. அடுத்த சுற்றில் படங்களுக்குப் பதிலாகச் சொற்கள்: நல்லவை ஒரு பக்கம், கெட்டவை மறுபக்கம். மூன்றாவது சுற்றில் இரண்டையும் கலந்து ‘மது அல்லது நல்லது’ என்று ஒரே மூலையில் போட்டுவிடுகிறார்கள். சிறிது நேரம் கழித்து இடம் மாற்றி ‘மது அல்லது கெட்டது’ என்கிறார்கள். மொத்தம் ஏழு சுற்றுகள். தவறாக அழுத்தினால் திரையில் சிவப்புப் பெருக்கல் குறி தோன்றும். திருத்தி அழுத்தும்வரை அடுத்த படம் வராது. ஒவ்வோர் அழுத்தமும் மில்லிவினாடிக் கணக்கில் பதிவாகிறது. இரண்டு கலப்புச் சுற்றுகளின் சராசரி நேரங்களைக் கழித்து, கிடைக்கும் வேறுபாட்டை அந்த ஆளின் நேரங்களுக்குரிய திட்ட விலக்கத்தால், அதாவது அவை எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவால், வகுத்தால், கழித்தல் 2இலிருந்து கூட்டல் 2க்குள் ஓர் எண் கிடைக்கும். கழித்தலோ கூட்டலோ, 0.15க்கு மேல் என்றால் இலேசான சாய்வு, 0.35க்கு மேல் நடுத்தரம், 0.65க்கு மேல் வலுவானது என்பது வழக்கில் உள்ள வரையறை.

இந்த எண்ணுக்காக ஒவ்வொரு சோதனைக்கும் பத்து நிமிடம் செலவிட்டேன். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய அனுபவம் மதுவைப் பற்றியதன்று, தமிழைப் பற்றியது. முதல் சிக்கல் ‘தண்ணீர்’ என்ற தலைப்பிலேயே தொடங்கியது. ‘தண்ணி போட்டிருக்கான்’, ‘தண்ணி வண்டி’ என்றெல்லாம் நாள்தோறும் காதில் விழும் ஊரில், மதுவுக்கு எதிர்ப்பக்கமாகத் தண்ணீரை நிறுத்தியவர் இந்தச் சோதனையை வேறு மொழியிலிருந்து அப்படியே எடுத்து வைத்தவராகத்தான் இருக்க வேண்டும். எழுத்தில் ‘தண்ணீர்’ என்று திருத்தமாக இருப்பது உண்மைதான். ஆனால் அரை வினாடிக்குள் மனம் இலக்கணம் பார்ப்பதில்லை. முதல் சுற்றிலேயே பிராந்திப் பாட்டில் படம் வந்தபோது என் வலக்கை இரண்டு முறை தானாக அழுத்தி, இரண்டு முறையும் சிவப்புக் குறி வாங்கியது. மோர், இளநீர் என்று ஏதாவது போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இரண்டாவது சோதனையில், மது மனத்தில் எழுச்சியோடு சேர்ந்திருக்கிறதா, தளர்ச்சியோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எழுச்சியின் பக்கத்தில் ‘கிளர்ச்சி’ என்று ஒரு சொல் வந்தது. கிளர்ச்சி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மறியலும் ஊர்வலமும்தான். தளர்ச்சியின் பக்கத்தில் ‘நிதானம்’ என்று போட்டிருந்தார்கள். குடித்தவனைப் பார்த்து ‘நிதானத்தில் இல்லை’ என்பதும், குடிக்காதவனை ‘நிதானமாக இருக்கிறான்’ என்பதும் நம் பேச்சு; மதுவையும் நிதானத்தையும் ஒரே விசையில் வைத்தால் எந்தத் தமிழன் விரலும் ஒரு கணம் நிற்கத்தான் செய்யும். அந்தத் தயக்கம் முழுவதும் ‘இவர் மதுவை எழுச்சியோடு இணைக்கிறார்’ என்ற கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதாவது, குடியை அறியாத என் அத்தை இந்தச் சோதனையை எழுதினாலும் அவருக்கும் அதே பக்கம் சாய்வு காட்டியிருக்கும். படங்களும் அப்படியே. நீண்ட காலுள்ள கண்ணாடிக் கோப்பையில் சிவப்புத் திராட்சை மது என்று ஒரு படம். அதை நான் குடித்ததும் இல்லை, குடிக்கும் ஆளோடு உட்கார்ந்ததும் இல்லை. எனக்குத் தெரிந்த மது, தட்டையான குவார்ட்டர் பாட்டிலும், பிளாஸ்டிக் டம்ளரும், தாளில் மடித்த தட்டுவடை செட்டும்தான்.

இதை ஆலோசகரிடம் சொன்னேன். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். பொறுமையாகக் கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, “இதுவரை யாரும் இப்படிச் சொல்லவில்லை சார், சொற்களை மாற்றச் சொல்லிக் கேட்கிறேன்” என்றார். கடைசி முறை சென்றபோதும் ‘நிதானம்’ அதே இடத்தில்தான் இருந்தது. மென்பொருளை விற்றவர்கள்தான் மாற்ற வேண்டுமாம்.

முடிவுத் தாளுக்கு வருகிறேன். நல்லது, கெட்டது சோதனையில் எனக்குக் கிடைத்த எண் கழித்தல் 0.42. ‘உங்கள் ஆழ்மனத்தில் மது மீது நடுத்தர அளவில் வெறுப்பு உள்ளது’ என்று வண்ணப் பட்டையோடு அச்சடித்துக் கொடுத்தார்கள். படித்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. என் ஆழ்மனமே மதுவை வெறுக்கிறது, மேல்மனம்தான் ஏதோ சனிக்கிழமைகளில் சறுக்குகிறது என்று படி இறங்குவதற்குள் எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். குடிப்பவன் கையில் கொடுக்கக் கூடாத தாள் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஏனென்றால், வீர்ஸும் அவருடைய குழுவினரும் 2002இலேயே கண்டது இதற்கு நேர் மாறான பாடம். நிறையக் குடிப்பவர், குறைவாகக் குடிப்பவர் ஆகிய இரு சாராருமே இந்த வகைச் சோதனையில் மதுவைக் கெட்டவற்றோடுதான் வேகமாகச் சேர்த்தார்கள்; நிறையக் குடிப்பவர்களைப் பிரித்துக் காட்டியது எழுச்சியோடு உள்ள சேர்க்கைதான். வெறுப்பு காட்டுவதால் குடிக்காமல் இருக்கிறோம் என்று பொருளில்லை. எங்கள் ஊரைப் பொறுத்தவரை இதில் வியப்பும் இல்லை. சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக, 1937 அக்டோபர் 1 அன்று, மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். அதைக் கொண்டுவந்த ராஜாஜி அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவர். பின்னர் விலக்கு போய், வந்து, மறுபடி போய், 2003 முதல் சில்லறைக் கடையையும் டாஸ்மாக் வழியாக அரசே நடத்துகிறது. ‘மது நாட்டிற்கு, வீட்டிற்கு, உயிருக்கு கேடு’ என்ற வாசகத்தைக் கடைப் பலகையில் படித்துக்கொண்டே வரிசையில் நிற்கிறோம். பேச்சில் ‘சரக்கு’ என்றும் ‘கட்டிங்’ என்றும் சொல்கிறவன் ‘மது’ என்ற சொல்லைச் சந்திப்பதே கண்டனத்தோடுதான். அந்தச் சொல்லைத் தலைப்பாக வைத்து அளந்தால், சாய்வது மனமா அந்தப் பலகையா என்று எப்படிப் பிரிப்பது?

‘ஆழ்மனம்’ என்ற சொல்லும் சரியில்லை. தங்களுக்கு இந்தச் சோதனையில் என்ன முடிவு வரும் என்று முன்கூட்டிச் சொல்லுமாறு கேட்டபோது பெரும்பாலோர் ஓரளவு சரியாகவே கணித்ததை ஆடம் ஹானும் அவருடைய குழுவினரும் 2014இல் காட்டினார்கள். நமக்கே தெரியாத பாதாள அறை ஒன்றும் இதில் திறக்கப்படுவதில்லை. யோசிப்பதற்குள் எழும் சேர்க்கை எது என்பது மட்டுமே தெரிகிறது. அதைத் தானே எழும் மனப்பான்மை என்று சொன்னால் போதும்.

மையத்தில் உண்மையிலேயே என்னை உலுக்கியது இந்தக் கணினி இல்லை. அதற்கு முன்பு கொடுத்த ஒரு பக்கக் காகிதம். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய, பத்துக் கேள்விகள் கொண்ட ஆடிட் என்னும் வினாப்பட்டியல் அது. மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டிய குடி. மாதம் எத்தனை முறை என்ற கேள்விக்கு இரண்டிலிருந்து நான்கு முறை என்று குறித்தேன். குடிக்கும் நாளில் எத்தனை பானம் என்றதற்கு ஒன்று என்றேன், ஒரு குவார்ட்டர்தானே. மற்றவற்றுக்கெல்லாம் இல்லை, இல்லை என்று கோடிழுத்துக்கொண்டு போய் 2 மதிப்பெண்ணோடு காகிதத்தை நீட்டினேன். ஆலோசகர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சிறு கணிப்பானை என் பக்கம் நகர்த்தி வைத்தார். 180 மில்லி, அதில் 42.8 விழுக்காடு ஆல்கஹால், ஒரு மில்லிக்கு 0.79 கிராம்: பெருக்கினால் ஏறத்தாழ 61 கிராம். இந்த வினாப்பட்டியலில் ஒரு பானம் என்பது 10 கிராம். அப்படியானால் என் ஒன்று என்பது ஆறு. கணக்கு எழுதிப் பிழைப்பவன் இருபது ஆண்டுகளாக ஆறை ஒன்றென்று பதிந்து வந்திருக்கிறேன்.

அப்போது பக்கத்து நாற்காலியிலிருந்து மனைவி கேட்டார்: “ஏங்க, புதன்கிழமை மண்டிக் கணக்கு முடிச்சுட்டு வர்றது எந்தப் பக்கத்துல வரவு வைக்கிறது?” வாரம் இரண்டு முறை என்று திருத்தினோம். ஒரே அமர்வில் ஆறு பானம் எத்தனை நாளுக்கொரு முறை என்ற கேள்விக்கு ‘வாரந்தோறும்’ என்று மாறியது. குடியைக் குறைக்கச் சொல்லி வீட்டார் கவலைப்பட்டதுண்டா என்ற பத்தாவது கேள்விக்கு நான் விடை சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2 என்றிருந்தது 12 ஆயிற்று. சோதனை எண்ணுக்கு ஐந்து வண்ணங்களில் பட்டை போட்டுக் கொடுத்தவர்கள், இந்த 12ஐ ஒரு மூலையில் பேனாவால் எழுதியதோடு நிறுத்திவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அதே கணினிச் சோதனையை மறுபடி எழுதச் சொன்னேன். கழித்தல் 0.42 என்பது இப்போது கழித்தல் 0.11 என்று வந்தது. தாளின் மொழியில் சொன்னால் எனக்கு மதுவின் மீது வெறுப்பும் இல்லை, விருப்பும் இல்லை. இடையில் என் குடி கூடவில்லை, சற்றுக் குறைந்துதான் இருந்தது. ஒரே ஆளை இரண்டு முறை அளந்தால் இரு எண்களும் நெருங்கி வருவது இந்தச் சோதனையில் பாதி அளவுக்குத்தான் உறுதி என்பது ஆய்வாளர்களே ஒப்புக்கொண்ட செய்தி. எங்கள் பட்டறைகளில் வெள்ளிப்பொடி எடை போடும் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். மின்விசிறிக் காற்றில் மில்லிகிராம் ஆடிவிடும் என்பதால். இங்கே மில்லிவினாடியை அளக்கிறார்கள். இடப்பக்க விசை சற்று ஒட்டிக்கொள்கிறது, கீழே தெருவில் பேருந்து ஒலி எழுப்புகிறது, வரவேற்பறையில் யாரோ கைபேசியில் பேசுகிறார்கள். அறைக்குக் கதவு இருந்தும் அதைச் சாத்துவதில்லை.

இதனால் இந்த அளவை முறையே வெறும் பேச்சு என்று நான் சொல்ல வரவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இத்தகைய மறைமுக அளவைகளுக்கும் மது உள்ளிட்ட போதைப் பழக்கங்களுக்கும் இடையே 0.3 அளவில் ஒட்டுறவு (ஒன்று கூடும்போது மற்றதும் கூடும் தொடர்பு; முழுப் பொருத்தம் என்றால் 1) இருப்பது தெரிந்தது. மனத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் இது மதிக்கத்தக்க எண். ஆனால் அதன் பொருள், குடிக்கும் அளவில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் நூற்றுக்கு ஒன்பது பங்கை இது விளக்குகிறது என்பதுதான். ஆயிரம் மாணவர்களை வைத்துக் கேள்வி கேட்கும் ஆய்வாளருக்கு ஒன்பது பங்கு பெரிது. ‘எனக்கு என்ன’ என்று கேட்டு வந்து உட்கார்ந்திருப்பவருக்கு மீதித் தொண்ணூற்றொன்றும் தெரிய வேண்டும். கிறிஸ்டன் லிண்ட்கிரென் குழுவினர் 2013இல் சில வகைச் சோதனைகளை ஒப்பிட்டபோது, மது நல்லதா என்று கேட்காமல் ‘நான்’ என்பதும் ‘குடிப்பவர்’ என்பதும் மனத்தில் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனையே குடியோடு நன்றாகப் பொருந்தியது. இந்த மையத்தில் அந்த வகை இல்லை. இருந்திருந்தால் அதற்குத் தனியாகக் கட்டணம் கட்டியும் எழுதியிருப்பேன்.

அடுத்தது நெம்புகோல் பயிற்சி. விளையாட்டுக் கருவி போன்ற ஒரு பிடியைக் கையில் கொடுக்கிறார்கள். திரையில் மதுப் படம் வந்தால் முன்னோக்கித் தள்ள வேண்டும். படம் சுருங்கித் தொலைவில் போகும். தண்ணீர்ப் படம் வந்தால் நம் பக்கம் இழுக்க வேண்டும். படம் பெருகிக் கிட்டே வரும். கால் மணி நேரத்தில் தோள்பட்டை வலிக்கும் என்பது துண்டறிக்கையில் இல்லை. ‘ஓராண்டுக்குப் பின்னும் பலன்’ என்பது இருக்கிறது. அந்தப் பலன் வந்த இடம் வேறு: ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த 214 பேரிடம் வீர்ஸ் குழுவினர் நடத்தி, 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. அங்கேயே தங்கி, குடியை நிறுத்தி, வழக்கமான முழுச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு மேலதிகமாக நான்கு முறை இந்தப் பயிற்சி தந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெறாதவர்களில் 59 விழுக்காட்டினர் மறுபடி குடிக்குத் திரும்பியிருக்க, பெற்றவர்களில் அது 46 விழுக்காடாக இருந்தது. நல்ல முடிவுதான். வீட்டிலிருந்து பேருந்தில் வந்து, பிடியைத் தள்ளிவிட்டு, கடை வழியாகவே வீடு திரும்புகிற என்னைப் போன்றவனுக்கும் அதே கணக்குப் பொருந்தும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

நான்கு முறை தள்ளினேன். அதற்கடுத்த வாரம் நண்பர்களோடு ஏற்காட்டில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிப்பதற்குள் பின் இருக்கையில் பை திறக்கப்பட்டுவிட்டது. மலைக் குளிரில் டம்ளர் என் பக்கம் நகர்ந்தபோது என் கை அதைத் தள்ளவில்லை, வாங்கிக்கொண்டது. ஆனால் ஊற்றும்போது பாட்டிலின் பக்கவாட்டில் 180 என்ற எண் கண்ணில் பட, முப்பது மில்லிக்கு ஒன்று என்று மனம் தானாகவே எண்ணத் தொடங்கியது. மூன்றில் நிறுத்திக்கொண்டு காப்பி கேட்டேன். நண்பர்கள் என்னை உடம்பு சரியில்லாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

செல்ல நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். முதல் ஆலோசனைக்கு 500 ரூபாய், இரண்டு கணினிச் சோதனைகளும் சேர்த்து 1,200 ரூபாய், பயிற்சிக்கு ஒவ்வொரு முறையும் 400 ரூபாய் வாங்கினார்கள். ரசீது கேட்டால்தான் தருகிறார்கள். ஆலோசகரின் நேரத்துக்குக் கொடுத்த 500 ரூபாய் முழுக்கத் தகும். அவர் அவசரப்படுத்துவதில்லை, அறிவுரை சொல்வதில்லை, என் மனைவி சொன்னதையும் நான் சொன்னதையும் ஒரே மரியாதையோடு எழுதிக்கொண்டார். காலையில் கை நடுங்குகிறதா, குடிக்காத நாளில் வியர்வையோ வலிப்போ வந்ததுண்டா என்று முதலிலேயே கேட்டு, அப்படி இருப்பவர்கள் திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்பதால் நேரே மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறார்கள். இந்த ஒன்றுக்காகவே அந்த மையத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. கணினிச் சோதனையை ஆர்வத்துக்காக ஒரு முறை எழுதிப் பார்க்கலாம். முடிவுத் தாளை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பது நல்லது.

வண்டி நிறுத்த இடமில்லை. எதிரில் இருக்கும் பழச்சாற்றுக் கடைக்காரர் கோபிக்காமல் அனுமதிக்கிறார். ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் முன்பதிவு தருவதில்லை. நான் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன், எனக்கு வேண்டியிருந்த நேரம் அதுதான்.